சுபுஹு நேரத்தில் ரிமோட் ஏன் ஏமாற்றுகிறது?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஸ்மார்ட் விளக்குகளை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் விமானம் ஏறிய பிறகு ரிமோட் ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் செய்வதில்லை. தஹஜ்ஜுதுக்கும் சுபுஹுக்கும் ஒளூச் செய்ய எழும் பெரியவர்கள் இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே!

பேட்டரியை மாற்றியும் சரியாகவில்லையா? சுவர் சுவிட்சைக் கவனியுங்கள். ஜிக்பீ வகை விளக்குகளில் ரிமோட்டின் சிக்னலை ஒரு பல்பு வாங்கி அடுத்த பல்புக்குக் கடத்துகிறது. படுக்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்ன நபிவழியைப் பேணி, நாம் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். நடுவிலுள்ள பல்புக்கு மின்சாரம் நின்றதும் சங்கிலி அறுந்துபோகிறது. அன்று எரிந்தது திரிவிளக்கு. எலி இழுத்து வீடு தீப்பிடிக்கும் என்ற அச்சம் ஹதீஸிலேயே வருகிறது. இந்த விளக்கை ரிமோட்டில் அணைத்தால் போதும், சுவிட்சு போட்டபடியே இருக்கட்டும். இதை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாக கரண்ட் பில்லுக்குப் பயப்படும் அத்தாமார்களுக்கு, சொல்லி வையுங்கள்.

அடுத்தது வைஃபை. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் ஒன்றை ஒன்று அமுக்கும். விளக்கின் ஹப்பை ரவுட்டர் பக்கத்திலோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். வைஃபை 1-ஆம் சானலில் இருந்தால், ஹப் அனுமதித்தால் ஜிக்பீயை 25-க்கு மாற்றலாம்.

எப்படியானாலும் படுக்கையிலிருந்து ஒளூச் செய்யும் இடம் வரை சாதாரண சுவிட்சில் எரியும் விளக்கு ஒன்று இருக்கட்டும்.