தகரப் பெட்டிக்குள் ஒரு பங்குப் பத்திரம்: தோட்டக் கம்பனிகளில் யாருக்கு எவ்வளவு?

கினிகத்தேனைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தகரப் பெட்டியிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கம்பெனி குடுத்தது தம்பி. இது செல்லுமா?"

அவர் பெயரிலிருந்த பங்குப் பத்திரம் அது. இடம்பெயர்ந்தபோது சட்டி பானையை விட்டுவிட்டுக் காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். ஒரு கடதாசியின் பெறுமதி எமக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடதாசி என்ன உரிமை தருகிறது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் தனியாரிடம் கையளிக்கப்பட்டது. 1995இலிருந்து அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டன. பொதுவாக 51 வீதம் முகாமைத்துவம் செய்யும் நிறுவனத்துக்குப் போனது. தொழிலாளருக்கு 10 வீதம் இலவசமாகக் கிடைத்தது. மீதி பொதுமக்களிடமும் அரசிடமும். திறைசேரிச் செயலாளரிடம் விசேட அதிகாரங்களுள்ள 'தங்கப் பங்கு' ஒன்றும் இருக்கிறது.

51 வீதம் ஒரே கையில். 10 வீதமோ ஆயிரக்கணக்கான லயங்களில் சிதறிக் கிடந்தது. பலர் அதை விற்றும்விட்டார்கள். பணிப்பாளர்களைத் தெரிவு செய்யும் வாக்குப் பலம் யாரிடம் என்பது இதிலேயே விளங்கும்.

"அப்ப பெரிய தொரைக்கு என்ன சம்பளம்னு நாங்க கேக்கலாமா?" என்றார் அம்மா.

கேட்கலாம். ஆனால் முழுப் பதில் கிடைக்காது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பணிப்பாளர்களுக்குக் கொடுத்த ஊதியத்தை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். வழக்கமாகக் காட்டப்படுவது எல்லோருக்குமான மொத்தத் தொகைதான். பிரதம நிறைவேற்று அதிகாரிக்கு மட்டும் எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. தாய்க் கம்பனிக்கு முகாமைத்துவக் கட்டணம் செலுத்தப்பட்டால் அது வேறொரு பக்கத்தில், தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்களில் வரும். பணிப்பாளர்களின் பங்குப் பட்டியலில் ஒருவருக்கு நேரே பூச்சியம் இருக்கலாம். அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, அவரது பங்கு தாய்க் கம்பனியில் இருக்கக்கூடும். முதல் 20 பங்குதாரர்களின் பட்டியலையும் பாருங்கள்.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள், ஒவ்வொரு பணிப்பாளரின் ஊதியமும் நடுத்தர ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 2018இலிருந்து தலைமை அதிகாரிக்கான விகிதம் வெளியாகிறது. இங்கே அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வருடத்தில் 300 நாள் முழுப்பேர் விழுந்தால், கழிவுகளுக்கு முன் 405,000 ரூபா. ஆண்டறிக்கையிலுள்ள பணிப்பாளர் ஊதியத்தை இதனால் வகுத்தால், அது எத்தனை தொழிலாளரின் ஒரு வருட உழைப்பு என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு ஏன் தேவை? 2024 மே மாதம் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பதே கம்பனிகள் சொல்லிவரும் காரணம். மேலே இருப்பவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் அந்தக் காரணத்தை எப்படி எடைபோடுவது?

பத்திரம் பழையதாகிவிட்டதால் மட்டும் உரிமை போய்விடாது என்று அம்மாவிடம் சொன்னேன். கம்பனிச் செயலாளருக்கு எழுதி, பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, கொடுபடாத பங்கிலாபம் உண்டா என்று கேட்கலாம். ஒரு பங்கு இருந்தாலும் வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்குப் போகலாம், அல்லது தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம். ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றை வாசித்துச் சொல்வதும், இப்படிச் சிதறிக் கிடக்கும் பத்திரங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதும் தொழிற்சங்கங்கள் செய்யக்கூடிய வேலை.

அம்மா பத்திரத்தை மறுபடி மடித்தார். பேத்தியைக் கூப்பிட்டு, கம்பனிக்குக் கடிதம் எழுத ஒரு கொப்பி எடுத்துவரச் சொன்னார்.