நூற்றுக்கு எத்தனை என்றால், எந்த நூறு?

"தடுப்பூசி போட்டவங்களும்தானே செத்தாங்க?" 2021-ல் கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது டீக்கடை பெஞ்சிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிச் சுற்றி வந்த கேள்வி இது. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. தமிழகக் காவல்துறையினரின் விவரங்களை வைத்து, சென்னையிலுள்ள ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அந்த ஆண்டே ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி கொரோனாவால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் 11 பேர் ஒரு டோஸாவது போட்டுக்கொண்டவர்கள். நூற்றுக்கு 35 பேருக்கும் மேல் என்று சொன்னால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

அதே ஆய்வின் எண்களை இருவழி அட்டவணையாக எழுதிப் பார்ப்போம். கிடைவரிசையில் எத்தனை டோஸ் என்பது, நெடுவரிசையில் இறந்தாரா இல்லையா என்பது.

| | இறந்தவர் | மற்றவர் | மொத்தம் |
|---|---|---|---|
| போடாதவர் | 20 | 17,039 | 17,059 |
| ஒரு டோஸ் | 7 | 32,785 | 32,792 |
| இரண்டு டோஸ் | 4 | 67,669 | 67,673 |
| மொத்தம் | 31 | 1,17,493 | 1,17,524 |

ஒரு கட்டத்திலுள்ள எண்ணை ஒரு மொத்தத்தால் வகுத்தால் வருவதைச் சார்பு நிகழ்வெண் என்பார்கள். வகுத்தல் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். எந்த மொத்தத்தால் வகுப்பது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. இந்த அட்டவணையிலேயே மூன்று விதமான மொத்தங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

டீக்கடைக் கணக்கு, 'இறந்தவர்' என்ற நெடுவரிசையின் அடியில் இருக்கும் 31-ஐப் பிடித்துக்கொண்டது. இறந்தவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள் என்பதற்கு அது விடை. ஆனால் ஊசி போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு வேண்டியது வேறு: போட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? அதற்குக் கிடைவரிசையின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். போடாதவர்களில் லட்சத்துக்கு 117 பேர், ஒரு டோஸ் போட்டவர்களில் 21 பேர், இரண்டும் போட்டவர்களில் 6 பேர். ஒரே அட்டவணைதான். வகுக்கும் எண்ணை மாற்றியதும் திக்கென்று இருந்த செய்தி தெம்பளிக்கும் செய்தியாகிவிட்டது.

மூன்றாவது மொத்தம் வலதுகை ஓரத்துக் கடைசி எண், 1,17,524. அதால் வகுத்தால் ஒட்டுமொத்தத்தில் ஒவ்வொரு கட்டத்தின் பங்கு தெரியும். இரண்டு டோஸும் போட்டு உயிரோடு இருப்பவர்கள் சுமார் 57.6%. சுவையில்லாத எண்தான். இருந்தாலும் இதே மொத்தம் இன்னொரு வகையில் உதவுகிறது. படையில் ஒரு டோஸாவது போட்டவர்கள் 85.5%. ஊசியால் எந்தப் பயனும் இல்லையென்றால் இறந்தவர்களிலும் ஏறக்குறைய அதே விகிதம், அதாவது 31-ல் 26 அல்லது 27 பேர், அவர்களாக இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 11. முதலில் மிரட்டிய அதே 11!

அட்டவணை சொல்லாததும் உண்டு. வயது, சர்க்கரை நோய், எந்தத் தேதியில் ஊசி போட்டார் என்பதெல்லாம் இந்தக் கட்டங்களில் இல்லை. ஊசியால் 82% பாதுகாப்பு, 95% பாதுகாப்பு என்று செய்திகளில் வந்தவை இந்தக் கிடைவரிசை விகிதங்களை ஒப்பிட்டு எடுத்தவைதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 2011-ல் தமிழகத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 1,28,85,691 பேர். அவர்களில் 86,08,483 பேர் பெண்கள். "பெண்களில் 67 சதவீதம் பேருக்கு எழுத்தறிவில்லை" என்று இதை மேடையில் யாராவது முழங்கினால் கை தட்டாதீர்கள். எழுத்தறிவில்லாதவர்களில்தான் 67% பேர் பெண்கள். பெண்களில் எழுத்தறிவில்லாதவர்கள் 26.56%, ஆண்களில் 13.23%. பெண்களின் நிலை ஆண்களைவிட இரண்டு மடங்கு மோசம் என்பதே போதுமான அளவு கசப்பான செய்தி. அதை ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை.

இதைச் சொந்த ஊருக்கே போட்டுப் பார்க்கலாம். கணக்கெடுப்புத் துறை கிராமம் கிராமமாக எண்களை வெளியிட்டிருக்கிறது. செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையே, மகேந்திரவர்மன் குடைவரைக்குப் பேர்போன சீயமங்கலத்துக்காரர்கள் தங்கள் ஊரின் வரியைத் தேடியெடுத்து, ஆண், பெண் என இரண்டு கிடைவரிசை, தெரிந்தவர், தெரியாதவர் என இரண்டு நெடுவரிசை போட்டால் முடிந்தது வேலை. 2027 கணக்கெடுப்பின் விவரங்கள் வரும்வரை 2011-தான் கைவசம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அந்தப் பட்டியலில் 'எழுத்தறிவற்றோர்' என்ற பத்தியில் ஆறு வயது வரையிலான குழந்தைகளையும் சேர்த்திருப்பார்கள். பக்கத்திலேயே குழந்தைகளின் எண்ணிக்கையும் ஆண், பெண் எனத் தனித்தனியாக இருக்கும். முதலில் அதைக் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் வகுத்தால், 80.09% என்று நாம் பெருமைப்படும் தமிழகத்தின் எழுத்தறிவு 71.85%-க்கு இறங்கிவிடும்.