உங்களுக்குத் தெரியுமா? 12 அட்டையில் ஒரு போர்!

மேசை நிறையப் பொம்மைப் படைகளை நிறுத்தினால்தான் போர் விளையாட்டில் வியூகத்துக்கு இடம் உண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிட்டனில் 1990-ல் வெளியான ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாடிஸ்’ என்ற பண்டைக்காலப் போர் விளையாட்டில் ஆளுக்கு 12 பிரிவுகள்தான். குட்டி வீரர் பொம்மைகளை ஒட்டிய ஒரு சிறு அட்டை, ஒரு பிரிவு.

சூட்சுமம் பகடையில் இருக்கிறது. நம் முறை வந்ததும் ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்தான் அந்த முறைக்கான கட்டளைகளின் எண்ணிக்கை. திறந்த வெளியில் தோளோடு தோள் நிற்கும் மொத்த வரிசையையும் ஒரே கட்டளையில் முன்னேற்றிவிடலாம். அணி சிதறிவிட்டாலோ, அட்டைக்கு ஒரு கட்டளை தேவை. அந்த நேரம் பார்த்துத்தான் ‘ஒன்று’ விழும்! எதிரி பக்கவாட்டில் வந்து நிற்கிறான். எந்தப் பிரிவைக் காப்பாற்றுவது, எதைக் கைகழுவுவது? என்னைக் கேட்டால், தலையணை பருமனுள்ள விதிப் புத்தகங்கள்கூட இந்தத் தவிப்பைத் தருவதில்லை.

குதிரை வீரர்களைக் காட்டுக்குள் விட்டால் அவர்களின் பலம் குறையும். எதிரியைவிட அதிகமாக இழந்து, அந்த இழப்பு 4 பிரிவுகளைத் தொட்டால் தோல்வி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.