மூவெழுத்து வேரில் முளைத்த கற்பனை மொழி

கதைக்காக ஒரு மொழியை உண்டாக்குவது என்றால், வாயில் வந்த நாலு வினோதச் சொற்களைச் சேர்த்துவிடுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) அப்படிச் செய்தவரல்ல. ஒக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். 1954–55இல் வெளிவந்த ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலில் குள்ளர் என்றோர் இனம் வருகிறது. மலையைக் குடைந்து வாழும் அந்தக் கைவினைஞர்களுக்கு அவர் அமைத்துக் கொடுத்த மொழியின் பெயர் ‘குஸ்துல்’.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த மொழியின் அமைப்பு சட்டென்று பிடிபடும். அறபில் தால், ரா, ஸீன் என்ற மூன்று எழுத்துக்களிலிருந்து தர்ஸ், மத்ரஸா, முதர்ரிஸ் எல்லாம் பிறக்கின்றன. வேர் மாறாது, இடையில் வரும் உயிரோசையும் முன்னொட்டும் மாறப் பொருள் மாறும். அறபு, ஹீப்ரு முதலான செமித்திய மொழிகளின் இந்த வழியைத்தான் டோல்கீன் எடுத்துக்கொண்டார். குள்ளர்கள் தம்மை ‘கஸாத்’ என்பார்கள். அவர்களது மொழி ‘குஸ்துல்’. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

பன்மையையும் பாருங்கள். தமிழில் ‘நூல்’ என்பதோடு ‘கள்’ சேர்த்தால் வேலை முடிந்தது. அறபில் ‘கிதாப்’ உள்ளுக்குள்ளேயே உருமாறி ‘குதுப்’ ஆகிறது. குஸ்துலிலும் அதே கதைதான்: அவர்களது பகைவரான ஓர்க் ஒருவன் ‘ருக்ஸ்’, பலர் ‘ரகாஸ்’.

ஏன் செமித்திய வழி? 1955இல் எழுதிய கடிதமொன்றில் டோல்கீனே காரணம் சொல்கிறார். குள்ளர்களை அவர் யூதர்களைப் போல எண்ணினாராம்: வாழும் இடத்தில் சொந்தக்காரராகவும் அந்நியராகவும் இருப்பவர்கள், ஊர் மொழியையே கதைத்தாலும் தங்கள் மொழியின் சாயல் நாவிலே தெரிபவர்கள். கதையிலும் குள்ளர்கள் வெளியாருக்குத் தம் மொழியை இலகுவில் கற்றுக்கொடுப்பதில்லை. உள்ளூரப் புழங்கும் இயற்பெயரைக் கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. நாவலில் குஸ்துல் சொற்கள் மிகச் சொற்பமாக இருப்பதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாகிவிடுகிறது.

சொல் குறைவென்றாலும் விதி இருந்தது. அதனால்தான், 2001இல் வந்த திரைப்படத்துக்காக மொழியியலாளர் டேவிட் சலோவால் அதே வேர்முறையில் புதிய சொற்களை ஆக்க முடிந்தது. வெறும் சொற்பட்டியலிலிருந்து அப்படி வளர்க்க முடியாது.

இன்னுமொரு சங்கதி. அந்தக் கதையில் குஸ்துல் தொட்டிலில் கேட்டு வளரும் பேச்சல்ல. முன்னோர் சொத்தாகப் படித்துப் பேணும் மொழி. தமிழில் கதைத்து, அறபை ஓதிப் படிக்கும் நமக்கு இந்த நிலை அந்நியமானதல்ல. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு: குள்ளர் தம் மொழியைப் பூட்டிவைத்துக் காத்தார்கள், அறபோ கேட்டு வந்தவருக்கெல்லாம் ஓதிக்கொடுக்கப்பட்டதால் பரவியது. தாய்ப்பேச்சாக இல்லாத ஒரு மொழி நிலைப்பதற்கு, அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் உட்கார்ந்து படிக்க ஒருவரும் வேண்டும். கற்பனை மொழிக்கும் அது பொருந்தும்.