ஆலமரத்தடியில் பாட்டு வகுப்பு

குட்டீஸ், உங்கள் பள்ளியில் பாட்டு பீரியட் உண்டா? பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் முதலில் கேட்டு வாங்குவது அதைத்தானே! ஆனால், பாட்டும் முக்கியமான பாடம்தான் என்று பிடிவாதமாக நின்ற ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல்.

மதுரையில் 1904-ல் பிறந்த இவர், 1936-ல் அடையாறில் பிரம்மஞான சபையின் இடத்தில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கலாக்ஷேத்ரா.

அந்தக் காலத்தில் பாட்டு கற்பது சுலபமில்லை. குருவின் வீட்டிலேயே தங்கி, வேலைகள் செய்து, அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பலரும் கற்றார்கள். ருக்மிணி தேவியோ அந்தக் குருமார்களையே பள்ளிக்கு அழைத்து வந்துவிட்டார்! பாபநாசம் சிவன் வந்தார். டைகர் வரதாச்சாரியார் வந்தார். (பெயரில் மட்டும்தான் டைகர், பயப்படாதீர்கள்!)

டைகரிடம் பாட்டு கற்க 1944-ல் பாலக்காட்டிலிருந்து ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அவர்தான் எம்.டி. ராமநாதன். பிறகு அங்கேயே ஆசிரியராகி, பெரிய பாடகராகவும் புகழ் பெற்றார். தாம் இயற்றிய பாட்டுகளில் தம் பெயரை வைக்காமல், 'வரததாச' என்று முத்திரை வைத்தார். வரதரின் தாசன் என்று பொருள். குருவின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இன்னொருவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். 1865-ல் பிறந்த அவர், நம் கொள்ளுத்தாத்தா வயதில் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக்க ருக்மிணி தேவி விரும்பினார். முதல் நாடகம் 1955-ல் மேடையேறியபோது வாசுதேவாச்சாரியாருக்கு வயது 90! நான்கு நாடகங்களுக்கு இசையமைத்தவர் 1961-ல் காலமானார். மீதி இரண்டையும் முடித்தவர் அவருடைய பேரன் ராஜாராம்.

இதற்கிடையே பெரிய சோதனை. அடையாறு இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை வந்தது. திருவான்மியூரில் கிடைத்ததோ வெறும் கடற்கரை மணல்வெளி. ருக்மிணி தேவி அசரவில்லை. மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார். 1962-ல் கலாக்ஷேத்ரா அங்கே குடிபெயர்ந்தது. நெசவுத் தறிகளும் உடன் வந்தன. ஆமாம், அங்கே புடவையும் நெய்கிறார்கள்!

ருக்மிணி தேவி 1986-ல் மறைந்தார். அவர் தொடங்கிய வழக்கம் மறையவில்லை. தாம்பரம் பக்கம் இருக்கும் குட்டீஸுக்குத் திருவான்மியூர் ஒன்றும் தூரமில்லை. அங்கே காலையில் ஆலமரத்தடியில் எல்லோரும் கூடிப் பாடிய பிறகுதான் வகுப்புகள் தொடங்கும். நடனம் கற்க வந்தவர்களுக்கும் பாட்டு வகுப்பு உண்டு!