கட்டுமான மேலாண்மைக் கல்வி

கட்டுமான மேலாண்மைக் கல்வி என்பது கட்டிடம், சாலை, பாலம், குடிநீர்த் திட்டம் முதலியவற்றைக் குறித்த காலத்தில், குறித்த செலவில், உரிய தரத்துடனும் பாதுகாப்புடனும் கட்டி முடிப்பதற்கான அறிவையும் பயிற்சியையும் தரும் துறை ஆகும். இது குடிசார் பொறியியலின் ஒரு கிளையாகும். கட்டுமானத் தொழில்நுட்பம் எதை, எப்படிக் கட்டுவது என்பதை விளக்குகின்றது. கட்டுமான மேலாண்மை அதே வேலையை யாரைக்கொண்டு, எந்த வரிசையில், எவ்வளவு பொருளிலும் பணத்திலும் முடிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றது. முன்னதைக் கல்லாமல் பின்னதில் தேர்ச்சி பெறுவது கடினம்.

திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் இக்கல்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பின்னலாடை ஆலைகள், சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், தொழிலாளர் விடுதிகள், குடிநீர்க் குழாய்த் திட்டங்கள் ஆகியவை இவ்வட்டாரத்தின் முதன்மையான கட்டுமானங்கள்.

வரலாறு

சென்னையில் 1794-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. கொங்கு வட்டாரத்தில் கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945-லும், பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் 1956-லும், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி 1984-லும் தோன்றின.

மேலாண்மை தனித்துறையாக உருப்பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தீர்வுக்கட்டப் பாதை முறை உருவாக்கப்பட்டது. இந்தியாவில் கட்டுமானத் துறைக்கென நிக்மார் எனப்படும் தேசியக் கட்டுமான மேலாண்மை ஆய்வு நிறுவனம் 1983-இல் நிறுவப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் குடிசார் பொறியியல் துறையில் கட்டிடத் தொழில்நுட்பத்துக்கும் கட்டுமான மேலாண்மைக்கும் தனிப் பிரிவு உள்ளது.

கல்வி நிலைகள்

இத்துறையில் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு.

தொழிற்பயிற்சி நிலையம்: பத்தாம் வகுப்புக்குப் பின் குடிசார் வரைவாளர் பயிற்சி இரண்டு ஆண்டுகள்.

பல்தொழில்நுட்பக் கல்லூரி: பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. பொள்ளாச்சி நாச்சிமுத்து பாலிடெக்னிக் இவ்வட்டாரத்தின் பழைய நிறுவனங்களுள் ஒன்று. பட்டயம் பெற்றவர்கள் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

இளநிலைப் பொறியியல்: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான்கு ஆண்டுகள்.

முதுநிலை: கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு.

மேலாளராக விரும்புவோர் பட்டம் பெற்றவுடன் முதுநிலைக்குச் செல்லலாம், அல்லது சில ஆண்டுகள் களத்தில் பணியாற்றிவிட்டுச் செல்லலாம். களத்தில் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் வேலையாள், சித்தாள் ஆகியோரின் வேலை வேகத்தை நேரில் அறிந்தவருக்குக் கால அட்டவணைப் பாடம் எளிதாகப் புலப்படும்.

முக்கியப் பாடங்கள்

கால அட்டவணை

ஒரு வேலை முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்க முடியும் என்ற சார்பு உறவுகளைக் கொண்டு திட்டத்தின் மொத்தக் காலம் கணக்கிடப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு சிறிய பின்னலாடைக் கூடத்தைக் கொள்வோம். அடித்தளத்துக்கு 20 நாட்கள், தூண்களுக்கு 12 நாட்கள், கூரைத் தளத்துக்கு 24 நாட்கள் (வேலைக்கு 10, முட்டுகள் நிற்க 14), இறுதியில் மின்னிணைப்புக்கு 8 நாட்கள் தேவை. மின்மாற்றியை வரவழைக்க முதல் நாளிலிருந்து 40 நாட்கள் ஆகும். இரண்டும் முடிந்த பின்னரே மின்னிணைப்பு தொடங்க முடியும்.

முதல் பாதை 20 + 12 + 24 + 8 = 64 நாட்கள். இரண்டாம் பாதை 40 + 8 = 48 நாட்கள். நீளமான முதல் பாதையே தீர்வுக்கட்டப் பாதை. இதில் ஒரு நாள் தாமதமானாலும் முழுத் திட்டமும் ஒரு நாள் தாமதமாகும். மின்மாற்றியோ 16 நாட்கள் வரை தாமதமானாலும் பாதிப்பில்லை.

தரக் கட்டுப்பாடு

மேற்கண்ட திட்டத்தை விரைவுபடுத்த அடித்தள வேலைக்குக் கூடுதல் ஆட்களை அமர்த்தலாம். ஆனால் முட்டுகள் நிற்க வேண்டிய 14 நாட்களைக் குறைக்க இயலாது. சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கூறும் குறைந்தபட்சக் காலம் வருமாறு: தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை எனில் 7 நாட்கள், அதற்கு மேல் 14 நாட்கள். விட்டத்தின் நீளம் 6 மீட்டர் வரை எனில் 14 நாட்கள், அதற்கு மேல் 21 நாட்கள். கற்காரை போதிய வலிமை பெறும் முன் முட்டுகளை அகற்றுவது தளம் சரிவதற்குக் காரணமாகலாம். 150 மில்லிமீட்டர் கனசதுர மாதிரிகளை 28-ஆம் நாளில் நசுக்கிச் சோதிப்பதன் மூலம் கற்காரையின் வலிமை உறுதி செய்யப்படுகின்றது.

ஏற்றுமதிக்குக் கெடு வைக்கப்பட்டுள்ள ஓர் ஆலை உரிமையாளர் கட்டிடத்தை விரைந்து முடிக்கக் கோருவது இயல்பே. எந்த நாட்களைக் குறைக்கலாம், எவற்றைக் குறைக்கக் கூடாது என்று கணக்கோடு எடுத்துரைப்பது கட்டுமான மேலாளரின் கடமையாகும்.

சுமையும் பயன்பாடும்

குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை கொள்ளப்படுகின்றது. இலகுவான இயந்திரங்கள் உள்ள தொழிற்கூடத்துக்கு இது 5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோகிராம் எடை. வீடாகக் கட்டிய மாடியைத் தையல் கூடமாகவோ துணிக் கிடங்காகவோ மாற்றுவது எத்துணை ஆபத்தானது என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

திருப்பூர் வட்டாரத் திட்டங்கள்

திருப்பூர் குடிநீர்த் திட்டம்: 1995-இல் தொடங்கப்பட்ட புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் நீர் வழங்கும் திட்டத்தை 2005-இல் நிறைவேற்றியது. தனியார் பங்கேற்புடன் அமைந்த இந்தியாவின் முன்னோடிக் குடிநீர்த் திட்டங்களுள் இதுவும் ஒன்று.

சுத்திகரிப்பு நிலையங்கள்: நொய்யல் ஆற்று மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாத அமைப்புகளுடன் ஆலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. கட்டுமானத்துடன் வேதியியல், இயந்திரவியல் வேலைகளையும் ஒருங்கிணைக்க வேண்டிய திட்டங்கள் இவை.

அத்திக்கடவு - அவினாசித் திட்டம்: பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. அளவை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டு செல்லும் இத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. குழாய்களின் மொத்த நீளம் 1,000 கிலோமீட்டருக்கும் அதிகம். இத்தகைய திட்டங்களில் குழாய் பதிப்பதைப் போலவே நிலம் பெறுவதும் அனுமதி பெறுவதும் கால அட்டவணையின் பகுதிகளாகும்.

விபத்துகள் உணர்த்தும் பாடம்

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் ஆடைத் தொழிலாளர்கள். அனுமதியின்றி மேல் மாடிகள் எழுப்பப்பட்டிருந்தன. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய கட்டிடத்தில் கனமான இயந்திரங்களும் மின்னாக்கிகளும் இயங்கின. முந்தைய நாளே விரிசல்கள் காணப்பட்டு வங்கியும் கடைகளும் மூடப்பட்ட போதிலும், ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில் 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் பெரும்பாலோர் அங்கு வேலை செய்த தொழிலாளர்கள். அதனருகில் இருந்த இணைக் கட்டிடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இத்துறையில் வேலையை நிறுத்துமாறு கூறும் துணிவும் தொழில் அறிவின் ஒரு பகுதி என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

பணி வாய்ப்புகள்

புதிதாகச் சேருபவர் பெரும்பாலும் களப் பொறியாளராகத் தொடங்குவார். பின்னர் திட்டமிடல் பொறியாளர், அளவீட்டாளர், தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், பாதுகாப்பு அலுவலர் ஆகிய பணிகளில் ஒன்றில் தேர்ச்சி பெற்றுத் திட்ட மேலாளராக உயரலாம். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை, குடிநீர் வடிகால் வாரியம் ஆகியவற்றில் தேர்வு மூலம் பணி பெறலாம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளையும், 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பையும் மாணவப் பருவத்திலேயே படித்துப் பழகுவது பயனளிக்கும்.

இவற்றையும் பார்க்க

குடிசார் பொறியியல்
கற்காரை
தீர்வுக்கட்டப் பாதை முறை
திருப்பூர்
நொய்யல் ஆறு