மேலே மெல்லும் சத்தம், கீழே மழைத் தண்ணீர்

மலேசியாவின் மூவாரில் குளிர்காலமா? பூமத்திய ரேகை இரண்டே பாகை தள்ளி இருக்கிறது, காற்றாடியை நிறுத்தினால் சட்டை நனையும் ஊர் இது! ஆனாலும் செம்மறிக் குட்டிகளை உள்ளே அடைத்துத் தேற்றும் பருவம் இங்கேயும் உண்டு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மார்ச் வரை கொட்டகைதான் கதி. வாங்க, ஏறிப் பார்ப்போம்.

ஆமாம், ஏறத்தான் வேண்டும். கொட்டகை தரையில் இல்லை, பரண்மேல் நிற்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி. புழுக்கையும் மூத்திரமும் அதன் வழியே கீழே போய்விடும். குளம்பு மட்டும் போகக் கூடாது. இந்த அளவைப் பிடிப்பதில்தான் தச்சரின் சாமர்த்தியமே இருக்கிறது. மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன மூவாரிலா தச்சருக்குப் பஞ்சம்!

பரண் வெறும் சொகுசு இல்லை. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதமும் ஜொகூரையே முக்கியெடுத்த வெள்ளத்தில் மூவார் வட்டாரமும் தத்தளித்தது. வெள்ளம் வராத வருடத்திலும் புழு வரும். ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவின் குஞ்சுகள் ஈரப்புல்லில் நுனிவரை ஏறி, மேய வரும் வாய்க்காகக் காத்திருக்கும். அதனால்தான் குட்டி புல்லைத் தேடிப் போவதில்லை. நேப்பியர் புல்லை அறுத்து, வாடவிட்டு, நறுக்கி, தொட்டிக்கே கொண்டுவருகிறார்கள்.

இப்போது தீனி மூட்டைக்கு வாங்க, சுவாரசியமே அங்கேதான்! செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு: சுற்றிலும் செம்பனைத் தோட்டம், விலையும் மலிவு, புரதமோ நூற்றுக்குப் பதினாறு அளவில். அள்ளிப் போடலாமே என்று கை துறுதுறுக்கிறதா? கையைக் கட்டுங்கள்! அதிலிருக்கும் செம்பை வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் ஈரல் அதைச் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கும். திடீரென ஒருநாள் கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுத்துச் சிவக்கும், குட்டி சாயும். அதுவும் தொட்டியில் முண்டியடித்துத் தின்னும் கொழுத்த குட்டியாகப் பார்த்து! அதற்குத்தான் அளவைக் குறைத்துப் புல்லைக் கூட்டுகிறார்கள். துத்தநாகமும் மாலிப்டினமும் கலந்தால் செம்பு ஈரலில் சேர்வது குறையும் என்று மலேசிய ஆய்வாளர்கள் தொண்ணூறுகளிலேயே கண்டு சொல்லிவிட்டார்கள்.

இத்தனை கவனிப்பும் ஹஜ்ஜுப் பெருநாளைக் குறிவைத்துத்தான். வாங்க வருகிறவர் முதலில் எடையைக் கேட்பார், உடனே குட்டியின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். பெருநாள் பலியான குர்பானிக்கு, ஷாஃபி சட்ட மரபில், செம்மறிக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது முன்பல் விழுந்திருக்க வேண்டும். பால்பல் தெரிந்து, பிறந்த தேதியும் எழுதி வைக்கப்படவில்லை என்றால் பேரம் அங்கேயே நின்றுவிடும்.